வளைவுக்கு மேலே

மார்ச் பதினேழாம் தேதி நோரீனுக்கு அறுபது நிறைகிறது. கேக் வேண்டாம், மெழுகுவர்த்தி வேண்டாம், ஃப்ரெஸ்னோவிலிருந்து தங்கை வந்து கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம் என்று ஜனவரியிலேயே எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. லாந்தர் பாறைகளில், கிழக்குப் பார்த்த சுவரில், தரையிலிருந்து நூற்றுப்பத்து அடிக்கு ஓடுகிற விரிசல் ஒன்று இருக்கிறது. அதில் ஏறி உச்சியில் நிற்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே ஆசைதான். ஆசையும் அலுக்கவில்லை, விரிசலும் இரங்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. சமையலறை மேஜையில் அவளும் புருஷன் வெர்னும் பயணத்துக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்ன் கடற்படைத் தளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பாறை ஏறுவதில் அவனுக்கு அக்கறை கிடையாது. பாறை வரைக்கும் வண்டி ஓட்டிப்போவதில்தான் அக்கறை எல்லாம். வாசலில் நிற்கிற அந்த ஆர்.வி. இருபத்தாறு அடி நீளம்; கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. வாரம் தவறாமல் அதன் கூரையில் ஏறித் துடைப்பான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று நோரீன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது அவன் காதில் விழுவதில்லை.

"தண்ணி நாப்பது கேலன்," என்றான் வெர்ன், பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டே. "மூணு பேரு, அஞ்சு நாளு. தாராளமா குளிச்சா மூணாம் நாளே காலி."

"குளிக்கிறத விட்டுட்டா மிச்சம் பிடிக்கலாம்."

"ஹாலிஸ் ஏற்கெனவே விட்டுட்டான்."

நோரீன் சிரித்தாள். அவளோடு முப்பது வருஷமாகப் பாறை ஏறுகிற ஹாலிஸ்தான் அந்த மூன்றாவது ஆள். அன்று காலை அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் முன்னால் முன்பதிவு திறந்த நிமிஷத்திலேயே, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு பேரும் போட்டி போட்டுத் தட்டி, பதினாலாம் நம்பர் இடத்தைப் பிடித்திருந்தார்கள். லாந்தர் பாறைகளில் பழைய முகாமை இரண்டு வருஷம் முன்னால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பெரிய வண்டிகளுக்கென்று புது முகாம் கட்டி அக்டோபரில்தான் திறந்தார்கள். பாலைவனத்தில் இடத்துக்கா பஞ்சம் என்று கேட்கிறவர்கள் மார்ச் மாதம் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"சக்கரத்துக்கு அடியில வைக்கிற கட்டை ரெண்டு எழுதிக்கோ," என்றான் வெர்ன். "பதினாலு இடது பக்கமா சரியுது. கட்டை வைக்கலேன்னா ராத்திரி நீ உருண்டு வந்து என் மேலதான் விழுவ."

"சரியுதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"ரேஞ்சர் ஆபீசுக்கு போன் போட்டேன்ல, அப்பக் கேட்டேன்."

நோரீன் கட்டை இரண்டு என்று எழுதிக்கொண்டாள். வெர்ன் அப்படிப்பட்டவன்தான். கரண்ட் பிளக் வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்பதற்கே ரேஞ்சரைக் கூப்பிடுவான். சரிவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டானா?

பட்டியல் நீண்டுகொண்டே போனது. கேஸ் சிலிண்டர் நிரப்புவது, அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வது, பான்கேக் மாவு, டின் பீன்ஸ், காபி, அதன்பின் இன்னும் கொஞ்சம் காபி. கடைசியில் வெர்ன் தானாக ஒரு வரி சேர்த்தான்: ஷாம்பெயின், ஒரு பாட்டில்.

"முன்னாடியே எழுதாத, ராசியில்ல," என்றாள் நோரீன்.

"ஏறத்தான் போற. எனக்குத் தெரியும்," என்றான் வெர்ன். அவள் எழுந்துபோய் அவன் வழுக்கையில் ஒரு முத்தம் வைத்தாள்.

அந்த விரிசல் அவளுக்கு எப்படிச் சொந்தமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாறை ஏறுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாரும் ஏறாத ஒரு தடத்தை ஒருத்தி கண்டுபிடித்து, அதற்குள் அடைந்து கிடக்கிற மண்ணையும் உதிர்கல்லையும் தன் விரலால் தோண்டிச் சுத்தம் செய்தால், அவள் ஏறி முடிக்கிற வரைக்கும் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. மீறியவனோடு அப்புறம் யாரும் கயிறு கட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். முப்பது வருஷம் பல் டாக்டரிடம் வேலை பார்த்து, ஊர்க்காரர்கள் பல்லிடுக்கையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தவள் நோரீன். தோண்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அதற்கு மேல் அவளாகவே வைத்துக்கொண்ட சட்டமும் ஒன்று இருந்தது. பாறைக்குப் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். அங்கிருந்து கயிறு விட்டு இறங்கி, தடம் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கீழே வந்து ஏறுகிறவர்கள் நிறையப் பேர். பரீட்சைக் கேள்வித்தாளை முதல் நாளே பார்த்துவிட்டுப் போய் எழுதுவதுதான் அது என்பாள் நோரீன். அவளுக்குக் கீழிருந்து மேலே போகிற வழி ஒன்றுதான் வழி.

விரிசல் எண்பதாவது அடியில் வலது பக்கம் வளைந்து ஒரு விளிம்புக்குப் பின்னால் மறைந்துவிடும். அதற்கு மேலே இருக்கிற முப்பது அடியில் என்ன இருக்கிறது என்று உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது. நாலு முறை அவள் அந்த வளைவு வரைக்கும் போயிருக்கிறாள். மூன்றாவது முறை விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. அன்று கீழே நின்று, விழுந்தால் தாங்குவதற்கான கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன் ஹாலிஸ். அவளை மெல்ல இறக்கி, முதுகில் தூக்கிக்கொண்டு ஒரு மைல் மணலில் நடந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

ஹாலிஸ் அவளைவிட நன்றாக ஏறுவான். அது அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். டயர் கடை வைத்திருக்கிறவன், விரல் ஒவ்வொன்றும் ஸ்பானர்தான். "அந்த விரிசலை நீ ஒரு மத்தியானத்துல முடிச்சிருவியே, ஏன் சும்மா நிக்கிற?" என்று அவனைக் கேட்காத ஆள் இல்லை. "அது நோரீனோடது," என்று ஒரே பதில்தான் சொல்வான். பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு இரண்டு முறை, அந்தச் சுவரின் அடியில் நின்று கயிறு பிடித்தவன் ஒரு முறைகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு கல்யாணம் செய்து இரண்டையும் தொலைத்தவன் அவன். ஆனால் இந்த ஒரு வாக்கைத் தொலைக்கவில்லை என்று நோரீன் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பத்து மணிக்கு அவன் டிரக் வாசலில் வந்து நின்றது.

"கிழவி இருக்காளா, இல்ல மலையேறப் போயிட்டாளா?"

"உன்னை மாதிரி படிக்கட்டுக்கே மூச்சு வாங்கறவன் இல்லடா நான். டோனட் வாங்கிட்டு வந்தியா?"

"வாங்கினேன். வழியில ரெண்டு தொலைஞ்சு போச்சு."

"மீசையில சக்கரை ஒட்டியிருக்கு, தேடிப் பாரு, அங்கதான் இருக்கும்."

ஆர்.வி.க்குப் பக்கத்தில் தரையில் நீலத் தார்ப்பாயை விரித்து, இரண்டு பேரும் தங்கள் சாமான்களைக் கொட்டினார்கள். வெர்ன் பின்னால் நின்று வண்டிக்கு ஹோஸ் பைப்பை மாட்டித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். கொட்டியதில் முக்கால்வாசி கேம்கள். விரிசலுக்குள் செருகி விசையை விட்டால் விரிந்து இரண்டு பக்கமும் கடித்துக்கொள்கிற இரும்பு அது. அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவார்கள். விரிசலின் அகலத்துக்குத் தக்கபடி சின்னதும் பெரியதுமாக வேண்டும். தப்பான அளவைச் சுமந்து போனவன் மேலே போய் முழிக்க வேண்டியதுதான்.

அவளுடைய விரிசல் அடியில் உள்ளங்கை போகிற அகலம். ஏற ஏற அகன்று, வளைவுக்குக் கீழே முஷ்டி போகும். அதற்கு மேலே இன்னும் அகலும், தோள் போகிற அளவுக்குக்கூட இருக்கலாம் என்பது அவள் கணக்கு. அதற்கென்றே தேங்காய் பருமனில் நாலு பெரிய கேம்கள் சேர்த்து வைத்திருந்தாள். நாலாவதை அவளுடைய போன பிறந்தநாளுக்கு ஹாலிஸே வாங்கிக் கொடுத்தான்.

ஹாலிஸ் முட்டி போட்டு உட்கார்ந்து, எதை முதலில் எடுப்பாளோ அந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனான். முப்பது வருஷப் பழக்கம். அவள் கை எந்த இடத்தில் எதைத் தேடும் என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். நோரீன் டோனட்டைக் கடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவு, முஷ்டி அளவு, பெரியதில் ஒன்று. மீதி மூன்று பெரியதையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டான். அப்புறம் சுண்டுவிரல் நகம் பருமனில் இருக்கிற குட்டிக் கேம்களை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று.

"பெருச ஏன் உள்ள போடற?"

"வெட்டியா எதுக்கு சுமக்கணும்? வளைவு வரைக்கும் ஒண்ணு போதும். அதுக்கு மேல சுருங்கிடுது. விரல் நுனி போனாலே பெரிசு." சிக்கிக்கொண்ட ஒரு வாரைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்.

சொன்ன பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாரைப் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

நோரீனுக்கு உடனே புரியவில்லை. புரியாமல் இருக்க வேண்டும் என்று அவள் மனசு ஒரு நிமிஷம் மல்லுக்கட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம், ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளிகளிடம் பேசுகிற அந்த மெல்லிய குரலில் கேட்டாள்.

"வளைவுக்கு மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது ஹாலிஸ்."

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஒரு யூகந்தான்."

"மேல அகலும்னுதானே இத்தனை வருஷமும் நீயும் சொன்ன? அகலும்னுதானே போன வருஷம் எனக்கு அத வாங்கிக் குடுத்த?"

"அப்ப அப்படித் தோணிச்சு."

"இப்ப ஏன் தோணல?"

ஹாலிஸ் வாரை மறுபடி பிரிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் பதினாலாம் நம்பர் இடம் இடது பக்கம் சரிகிறது என்பது அவளுக்கு மறுபடி கேட்டது. அக்டோபரில் திறந்த இடம். அங்கே வண்டியை நிறுத்திப் பார்த்தவனுக்குத்தானே சரிவு தெரியும்? நவம்பரில் தங்கைக்கு முட்டி ஆபரேஷன் என்று அவள் ஒரு வாரம் ஃப்ரெஸ்னோ போயிருந்தாள். அந்த வாரம்தான் ஆர்.வி.யில் ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று வெர்ன் அதை பார்ஸ்டோவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். துணைக்கு ஹாலிஸும் போனான். மூன்று நாள். ஒரு ஃப்ரிட்ஜுக்கு மூன்று நாளா என்று அப்போதே கேட்டாள். பார்ட்ஸ் வரவில்லை என்றான் வெர்ன்.

அவள் எழுந்து வண்டிக்குப் பின்னால் போனாள். வெர்ன் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு தொட்டியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்ன், பார்ஸ்டோல ஃப்ரிட்ஜ் பாத்தியே, அந்தக் கடை பேரு என்ன?"

"பேரா? பழைய மெயின் ரோட்டுல, பெட்ரோல் பங்க் தாண்டி. ஒரு குள்ளமான ஆளு, பையனோட சேந்து நடத்தறான். நல்ல வேலைக்காரன். ஏன், மறுபடி கூலிங் இல்லையா?"

இதைவிட இயல்பாக ஒரு மனிதன் பேச முடியாது. நோரீனுக்கே ஒரு நொடி, தான்தான் பைத்தியக்காரத்தனமாக எதையோ முடிச்சுப் போடுகிறோமோ என்று இருந்தது. ஆனால் பின்னாலேயே வந்து நின்ற ஹாலிஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"போதும் வெர்ன்," என்றான். "அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிந்து மூன்று பேர் காலையும் நனைத்தது. யாரும் குழாயை மூடவில்லை. கடைசியில் நோரீனே போய் மூடினாள்.

வெர்ன்தான் முதலில் பேசினான். "செப்டம்பர்ல டாக்டர் என்ன சொன்னாருன்னு நீயே கேட்டல்ல? எலும்பெல்லாம் மெலிஞ்சு போச்சு, விழுந்தா இடுப்பு போயிடும்னாரு. நீ கார்ல வரும்போது ரேடியோவைப் போட்டுட்டு மார்ச்சுக்கு எந்த ஷூ வாங்கலாம்னு பேசிட்டு வந்த. எனக்கு அன்னிக்கு முழுக்க சோறு இறங்கல நோரி. மேல கல்லு உதிருமா, கேம் நிக்குமா, ஒண்ணும் தெரியாது. நான்தான் ஹாலிஸ் கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை பாத்துட்டு வா, ஆபத்தா இருந்தா அவளத் தடுத்துடலாம், இல்லேன்னா வாயே திறக்க வேணாம்னேன். உன் மேல உள்ள பாசத்துலதான்."

பாசம் என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"யாரு கயிறு பிடிச்சா?" என்று கேட்டாள்.

வெர்ன் தரையைப் பார்த்தான். "நான்தான்."

கல்யாணமான புதிதில் அவள் அவனை எத்தனையோ கெஞ்சியிருக்கிறாள். ஒரு தடவை வந்து பிடி, நீ கீழே நின்றால் எனக்குத் தெம்பாக இருக்கும் என்று. உன்னை அந்த உயரத்தில் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது, கை நடுங்கும் என்று தட்டிக்கழித்தவன். முப்பத்தோரு வருஷம் நடுங்கிய கை நவம்பரில் நடுங்கவில்லை. அவளுடைய விரிசலுக்கு, அவள் இல்லாதபோது, போய் நின்று பிடித்திருக்கிறது.

அவள் ஹாலிஸ் பக்கம் திரும்பினாள். "பாக்கத்தானே போன? பின்பக்கமா போய் மேலருந்து பாத்திருக்கலாமே?"

"அது உனக்குப் பிடிக்காதுன்னு..."

"ஓ. இது பிடிக்கும்னு நெனச்சியாக்கும்?"

ஹாலிஸ் மீசையைத் தடவினான். சர்க்கரை இன்னும் அங்கேயே இருந்தது. "வளைவு வரைக்கும் போய் எட்டிப் பாத்துட்டு இறங்கிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. எட்டிப் பாத்தேன். அப்புறம் இறங்க முடியல."

"முடியலையா, மனசு வரலையா?"

"மனசு வரல."

"உச்சியில நின்னப்ப என்னை நெனச்சியா?"

"இல்ல. இறங்கி வரும்போதுதான் நெனச்சேன்."

அன்று முழுவதும் அந்த இரண்டு பேர் பேசியதில் நேர்மையான வார்த்தை அது ஒன்றுதான். அதற்காகவே அவனை மன்னித்துவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது. பாறை ஏறுகிறவளுக்கு அது தெரியாதா? யாரும் தொடாத விரிசல் மேலே மேலே கூப்பிடும்போது இறங்குவது லேசா? ஆனால் அதற்குள் வேறொன்று அவள் தலையில் உறைத்தது.

"அப்ப மார்ச்ல என்ன பண்றதா இருந்தீங்க? நான் ஏறுவேன். உச்சிக்குப் போவேன். மேலருந்து கத்துவேன். நீங்க ரெண்டு பேரும் கீழ நின்னு கை தட்டுவீங்க. அதானே?"

வெர்ன் குனிந்து ஹோஸ் பைப்பைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"ஷாம்பெயின் வேற."

அவள் கண் முன்னால் அது அப்படியே ஓடியது. அழுதுகொண்டே இறங்கி வந்திருப்பாள். ஹாலிஸைக் கட்டிக்கொண்டு, பத்தொன்பது வருஷம் எனக்காகப் பொறுத்திருந்தாயே என்று ஊர் கேட்க அழுதிருப்பாள். அப்புறம் சாகிற வரைக்கும் ஒவ்வொரு விருந்திலும், ஒவ்வொரு முகாம் தீயைச் சுற்றியும், வளைவுக்கு மேலே முதன்முதலில் போன மனுஷி நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பாள். ஒவ்வொரு முறையும் அவள் தலைக்கு மேலே இந்த இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறுபது வயதுப் பொம்பளையைச் சின்னப் பிள்ளையாக்கி, ஓட்டப் பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்கிற மாதிரி அவளுக்கு ஒரு பொய் வெற்றியைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்களே, அதை எப்படிப் பொறுப்பது?

அப்போதுதான் வெர்ன் சட்டென்று சொன்னான். "நோரி, ஒண்ணு நீ கேக்கவே இல்லையே. அவன் சுத்தமா ஏறல. நடுவுல விழுந்துட்டான். விழுந்து, கயித்துல தொங்கிட்டு, அப்புறமாத்தான் ஏறினான். அது கணக்குல சேராதுன்னு நீதானே சொல்லுவ? அப்ப அது இன்னும் உன்னோடதுதான்."

உண்மைதான். கயிற்றில் தொங்கிவிட்டால் அது ஏறியதாகாது. கீழிருந்து உச்சி வரை ஒரே மூச்சில், ஒரு முறையும் விழாமல் ஏறியவர்தான் முதலில் ஏறியவர். நோரீனுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. இவ்வளவுக்குப் பிறகும் துள்ளுகிறதே என்று தன் நெஞ்சின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்படியா ஹாலிஸ்?"

"ஆமா," என்றான் ஹாலிஸ், வெர்னைப் பார்த்துவிட்டு. "விழுந்தேன்."

அவள் ஹாலிஸின் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தபால் பெட்டி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள். "எங்க விழுந்த?"

"மேல. உச்சிக்குப் பத்தடி இருக்கும். விரல் வழுக்கிடுச்சு. ரெண்டு தடவை."

அவனை அங்கேயே நிறுத்திவிட்டு வெர்னிடம் வந்தாள். "எங்க விழுந்தான்?"

"ஆரம்பத்துலயே," என்றான் வெர்ன், கொஞ்சமும் தடுமாறாமல். "தரையிலருந்து ஒரு இருபதடி. கயிறு ஒரு இழுப்பு இழுத்துச்சு பாரு, நானே ரெண்டடி மேல போயிட்டேன். அந்த ஒரு தடவைதான். ஆனா விழுந்தது விழுந்ததுதானே?"

மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கால் ஈரம் காயவில்லை. அதற்குள் பட்டப்பகலில், அவள் முகத்துக்கு நேரே, இன்னொரு பொய். இவர்களிடம் அவள் கேட்டது என்ன? நிஜத்தைத்தானே? இவர்கள் கையில் பொய்யைத் தவிர அவளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை போலிருக்கிறது. முப்பது வருஷமாக, 'பிடிச்சிட்டேன்' என்று ஹாலிஸ் கீழிருந்து சொல்கிற ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் பாறையிலிருந்து கையை விட்டிருக்கிறாள்.

சமையலறைக்குப் போய் மேஜையிலிருந்த பட்டியலையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தில் விரிசலைக் கோடாக வரைந்தாள். வளைவு வரைக்கும் அவள் கை தானாகப் போனது. அங்கே நிறுத்தி, தாளை ஹாலிஸிடம் நீட்டினாள்.

"மீதிய நீ வரை."

"நோரீன், வேணாம்மா."

"வரைடா. நான் போக மாட்டேன் இனிமே, பாத்தா என்ன?"

அவன் வண்டியின் பக்கவாட்டில் தாளை வைத்து வரைந்தான். வளைவுக்கு மேலே கோடு மெலிந்து, இடது பக்கம் ஒரு சின்னப் படியைத் தாண்டி, நேரே உச்சிக்குப் போனது. அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் அவள் தூக்கத்தில் பார்த்தது எதுவும் அங்கே இல்லை. பென்சில் முனை போன ஒரு கோடு.

"தேதி எழுது."

நவம்பர் ஒன்பது என்று எழுதினான்.

"முதல்ல ஏறினது யாரு, கயிறு பிடிச்சது யாரு, எழுது. எத்தனை தடவை விழுந்தன்னும் எழுது. திங்கட்கிழமை இத பாறை ஏறுறவங்க கிளப்புக்கு அனுப்பணும். ஊருக்குத் தெரியட்டும்."

ஹாலிஸ் தன் பெயரை எழுதினான். வெர்ன் பெயரை எழுதினான். விழுந்தது என்று எழுதிவிட்டு, பென்சிலைத் தாளில் ஊன்றிக்கொண்டு நின்றான். அப்புறம் 'இல்லை' என்று எழுதினான்.

"பேரு வை," என்றாள். ஒரு தடத்துக்குப் பெயர் வைப்பது முதலில் ஏறியவரின் உரிமை. அந்தப் பெயரில்தான் அது காலத்துக்கும் வழங்கும். "உன்னோடது. என்ன வேணா வச்சுக்கோ."

"என்னால முடியாது. உன்கிட்ட ஒரு பேரு இருக்குமே? இத்தனை வருஷத்துல நினைக்காமயா இருந்திருப்ப? அதையே வைக்கிறேன். அதையாவது பண்ண விடு."

இருந்தது. ஏறி முடிக்கிற வரைக்கும் வெளியே சொல்லக்கூடாது என்று அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, வெர்ன் ஒருவனைத் தவிர. கணுக்காலில் மாவுக்கட்டோடு இதே வீட்டில் படுத்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டை பொரித்து எடுத்துக்கொண்டு வந்தவனிடம் சொன்னாள். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று மூன்று முறை சொல்ல வைத்தான்.

"என்கிட்ட பேரு ஒண்ணும் இல்ல," என்றாள் நோரீன்.

ஹாலிஸ் வெர்ன் பக்கம் திரும்பினான். அவன் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "வெர்ன், உன்கிட்ட சொல்லியிருப்பாளே? நீயாவது சொல்லுப்பா."

வெர்ன் மனைவியை ஒரு முறை பார்த்தான். சொல்லாதே என்று அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. அசைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் மனசு அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பேரா? என்கிட்ட அவ சொன்னதே இல்லையே ஹாலிஸ்," என்றான். "நானும் ஒரு நாள் கேட்டுப் பாத்தேன். ஏறினப்புறம் தெரிஞ்சுக்கோன்னுட்டா. விட்டுட்டேன்."

அவளுக்காகத்தான் சொன்னான். அவளுடையது ஒன்றையாவது அவளிடமே இருக்க விட்டான். நன்றி சொல்ல வேண்டிய இடம்தான் அது. ஆனால் நோரீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமை ஆடவில்லை. குரல் பிசகவில்லை. நெற்றியில் ஒரு கோடுகூடப் புதிதாக விழவில்லை. முப்பத்தோரு வருஷமாகத் தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிற அதே முகம். இந்த முகத்தோடு அவன் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறான் என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். அந்தப் பெயரைத் தன் வாயால் அவனிடம் மூன்று முறை சொன்னவள் அவள். அப்படியிருந்தும் ஒரு நிமிஷம், சொல்லவே இல்லையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.